குருவிக்குக் கொடுத்த குடில்

அண்ணா.

பெயரைச் சொல்லித்தான் உன்னைக் கூப்பிட்டிருக்க வேண்டும். ஆனால் உன் பெயர் காதில் விழுந்தால் அம்மா கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டுத் தோட்டத்துப் பக்கம் போய்விடுகிறாள். எழுதினால்கூட அவளுக்குக் கேட்டுவிடும் போல இருக்கிறது. அதனால் அண்ணா என்றே கூப்பிடுகிறேன். நீ இருந்தவரை நான் அப்படிக் கூப்பிட்டதே இல்லை. டேய் என்றுதான் கூப்பிட்டேன். ஒன்றரை வயதுதான் பெரியவன், உனக்கு எதுக்குடா அண்ணா என்று கேட்டிருக்கிறேன். இப்போது எத்தனை முறை வேண்டுமானாலும் கூப்பிடுகிறேன். அண்ணா, அண்ணா.

நான் ஒன்பதாவதோடு நின்றுவிட்டவள். லெட்டர்கூட எழுதிப் பழக்கமில்லை. புடவைக்கு ஃபால்ஸ் அடிக்கிற வேலை. பின்வாசலில் வெளிச்சம் நன்றாக விழும் என்று மெஷினை அங்கேதான் போட்டிருக்கிறேன். மெஷினில் உட்கார்ந்து தலையைத் தூக்கினால் முதலில் தெரிவது துவைக்கிற கல், அதற்குப் பின்னால் முருங்கை மரம், அதற்கும் பின்னால் உச்சியில் கோட்டையோடு ராஜகிரி மலை. கல்லை ஒட்டிய இடதுபக்கச் சுவரில், சிமெண்ட் ஷீட்டுக்குக் கீழே, நீ அடித்த குருவிப் பெட்டி. இதை எழுதும்போதும் அது அங்கேதான் இருக்கிறது. ஓட்டையில் ஒரு கிளிப்பச்சை நூல் தொங்குகிறது.

அந்தப் பெட்டி எப்படி வந்தது என்று படிக்கிறவர்களுக்குத் தெரியாது இல்லையா, அதைச் சொல்கிறேன்.

கிறிஸ்துமஸ் முடிந்த சமயம். ஒரு ஜோடி சிட்டுக்குருவி நம் வீட்டுக்குள்ளேயே வந்து போய்க்கொண்டிருந்தது. நைனா போட்டோ சுவரில் கொஞ்சம் முன்பக்கம் சாய்ந்தமாதிரி மாட்டியிருக்கும். அந்தப் போட்டோவுக்குப் பின்னால் இருக்கிற சந்தில் வைக்கோலும் துடைப்பக் குச்சியும் கொண்டுவந்து செருகின. நைனா நாம் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோதே போய்விட்டார். அவர் தலைக்குப் பின்னாலிருந்து குச்சி குச்சியாக நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து நீ சிரித்தாய்.

"நைனாவுக்கு முடி வளந்துட்டுது பாரும்மா. சலூனுக்கு இட்னு போவணும்."

"வாய மூடுடா. செத்த மனுசனப் போயி," என்று அம்மா துடைப்பத்தை ஓங்கினாள். ஆனால் அவளுக்கும் சிரிப்பு வந்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

மறுநாள் மத்தியானம் அம்மா புழுக்கம் தாங்காமல் ஃபேனைப் போட்டாள். பொட்டைக் குருவி போட்டோவிலிருந்து வாசலுக்குப் பறந்தது. டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். நீ சாப்பிட வந்திருந்தாய். கையில் பிசைந்த சோற்றைத் தட்டிலேயே உதறிவிட்டு அதை எடுத்தாய். ஒரு எலுமிச்சம்பழ கனம்கூட இருக்காது என்றாய். அம்மா, "நான் பாக்கலடா, நெஜமா நான் பாக்கல," என்று உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறமாதிரி சொல்லிக்கொண்டே இருந்தாள். ஆண் குருவி சாயங்காலம் வரைக்கும் கரண்ட் ஒயரில் உட்கார்ந்து கத்தியது.

நீ பழக்கடையில் வேலை பார்த்தாய். ஆப்பிள் வருகிற மரப்பெட்டிகளில் நல்ல பலகையாகப் பார்த்து எடுத்து வைப்பாய். வருஷா வருஷம் நம் வீட்டுக் கிறிஸ்துமஸ் குடில் அந்தப் பலகையில்தான். பின்னால் பழுப்புக் காகிதத்தைக் கசக்கி, சாயம் தெளித்து, மலை செய்வாய். பெத்லகேமில் என்ன மலையோ, நம் வீட்டுக் குடிலில் மட்டும் எப்போதும் ராஜகிரிதான் நிற்கும். உச்சியில் ஒரு தீப்பெட்டியை ஒட்டி அதுதான் கோட்டை என்பாய். அம்மா சூசையப்பர், மாதா, மாடு, ஆடு எல்லாவற்றையும் வைப்பாள். இயேசு பாலனை மட்டும் நீதான் வைக்க வேண்டும். வீட்டுக்கு மூத்த பிள்ளை வைப்பது நம் வீட்டு வழக்கம். மூன்று ராஜாக்கள் திருநாள் அன்று குடிலைப் பிரிக்கும்போதும் பாலனை முதலில் நீ எடுத்து, முத்தம் கொடுத்து, அம்மா கையில் தர வேண்டும். அம்மா அதைத் தன் கல்யாணப் புடவை மடிப்புக்குள் வைத்து பீரோவில் பூட்டுவாள். அந்தச் சுரூபம் நீ பிறந்த வருஷம் வாங்கியது. விரல் நீளம்தான் இருக்கும். மூக்குப் பக்கம் வண்ணம் போயிருக்கும். சின்ன வயதில் நீ கடித்துவிட்டாயாம்.

இந்த வருஷம் குடிலைப் பிரிக்கிற அன்று நீ கடைக்கு அவசரமாக ஓடினாய். மற்ற சுரூபங்களை நானும் அம்மாவும் பேப்பரில் சுற்றிப் பெட்டியில் வைத்தோம். பாலனை நீ எடுத்து அம்மாவிடம் கொடுத்திருப்பாய் என்று நான் நினைத்தேன். நீ வழக்கம்போல எடுத்துப் புடவைக்குள் வைத்திருப்பாய் என்று அம்மா நினைத்தாள். நீ என்ன நினைத்தாய் என்று தெரியாது. வெறும் குடில் வைக்கோலோடு மூலையில் கிடந்தது. குருவி செத்த அன்று சாயங்காலம் நீ அதைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போனாய்.

"இன்னாடா பண்ற?"

"வூடு கட்றேன்."

"யாருக்கு?"

"மாப்ளைக்கு. பாவம், பொண்டாட்டி செத்துட்டா. வேற பொண்ணு பாக்கணும்னா வூடு வேணாமா?"

குடிலின் திறந்த முன்பக்கத்தைப் பலகை வைத்து ஆணி அடித்து மூடினாய். அதன் முதுகில் சீரியல் லைட் ஒயர் நுழைக்க ஒரு ஓட்டை இருந்தது. அதைக் கத்தியால் சுற்றிச் செதுக்கி இரண்டு விரல் அகலத்துக்குப் பெரிதாக்கினாய். முதுகை வெளிப்பக்கம் திருப்பிச் சுவரில் மாட்டினாய். உள்ளே இருந்த வைக்கோலை எடுக்கவில்லை. "பர்னிச்சரோட வாடகைக்கு," என்றாய். அம்மா பின்வாசலில் நின்று பார்த்துவிட்டு, "சாமி இருந்த எடத்துல குருவியாடா?" என்றாள். "மாட்டுக்கே எடம் குடுத்தவருமா அவரு," என்றாய்.

பத்து நாள் ஒன்றும் வரவில்லை. பக்கத்து வீட்டு அக்கா மதில் மேலே முகத்தை வைத்துக்கொண்டு, "இன்னா தம்பி, வூடு காலியாவே இருக்குது? வாஸ்து சரியில்லியா?" என்று கேட்டுச் சிரித்தாள். அதற்குப் பிறகு ஒரு காலையில் மாப்பிள்ளை வந்தது. கழுத்தில் கறுப்புத் துண்டு போட்டமாதிரி இருக்குமே, அதுதான். நிஜமாகவே கூட ஒரு புதுப் பொண்ணு. மாப்பிள்ளை ஓட்டையில் தலையை விட்டு விட்டு எடுத்து, பெட்டி மேலே குதித்து, ஊருக்கே கேட்கிறமாதிரி கத்தியது. பொண்ணு முருங்கைக் கிளையில் உட்கார்ந்து எனக்கென்ன என்று இறக்கையைக் கோதிக்கொண்டிருந்தது.

நீ காபி டம்ளரோடு துவைக்கிற கல்லில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தாய். உன் காலை நேரம் அங்கேயே போனது. கடைக்குப் போகும் முன் அரைமணி நேரம். நானும் மெஷினை நிறுத்திவிட்டுப் பார்ப்பேன். மலையில் வெயில் மேலிருந்து கீழே இறங்கும். பாறை முதலில் சாம்பலாக, அப்புறம் ரோஸாக, அப்புறம் கண்ணைக் கூசுகிறமாதிரி வெள்ளையாக ஆகும். இப்போது அந்தக் காலைகளை நினைத்தால் ஒரே ஒரு காலை மாதிரி இருக்கிறது. நீ உட்கார்ந்திருக்கிறாய், காபி ஆறுகிறது, பொண்ணு ஒரு நூலைக் கொத்திக்கொண்டு பறக்கிறது. அந்த நூல் காற்றில் ஆடிக்கொண்டே போகிறது. அது முடியவே இல்லை.

நூல் என்னுடையதுதான். மெஷின் காலடியில் வெட்டிப் போடுகிற துண்டு நூல்கள். குருவி ஒவ்வொன்றாக எடுத்துப் போனது. கத்தரிப்பூக் கலர், மாம்பழ மஞ்சள், அரக்கு. எந்தப் புடவைக்கு எந்த நூல் என்று எனக்குத் தெரியும். "இன்னைக்கி டீச்சர் புடவ நூலு உள்ள போச்சு," என்று நான் சொல்வேன். "அப்ப குஞ்சுங்கோ படிச்சிடும். உன்ன மாதிரி ஒம்பதாவதுல நிக்காது," என்பாய். நான் கத்தரிக்கோலைக் காட்டுவேன்.

வெயில் ஏற ஆரம்பித்ததும் பெட்டி மேலே ஒரு கோணியை மடித்துப் போட்டாய். மத்தியானம் அதில் தண்ணீர் தெளிக்க வேண்டியது என் வேலை. மறந்துவிட்டால் கடையிலிருந்து போன் வரும். "ஏய், ஏசி போட்டியா?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும், பொண்ணு வெளியே போன நேரம் பார்த்து, கல்மேல் ஏறி ஓட்டையில் போனை வைத்து போட்டோ எடுத்தாய். இறங்கி வந்து காட்டினாய். இருட்டு. அதில் நூலும் இறகுமாக ஒரு குழி. குழியில் புள்ளி போட்ட மூன்று முட்டை.

"நாளைக்கி நாலாவது வெக்கும் பாரு."

"மூணுதான். மூணோட நிறுத்திடும்."

"பந்தயம் கட்டு. நாலு இருந்தா ஒரு மாசம் என் சட்டைக்கெல்லாம் நீ இஸ்திரி போடணும்."

"மூணு இருந்தா?"

"நான் உன்ன பேர் சொல்லிக் கூப்புடறேன். பிசாசுன்னு கூப்புட மாட்டேன்."

"உனுக்கு எப்படிடா தெரியும், எத்தினி பொரிக்கும்னு?"

"பொரிச்சா சத்தம் கேக்கும். மொத சத்தம் கேட்டதும் எனுக்கு போன் பண்ணு. கடையில எவ்ளோ கூட்டம் இருந்தாலும் வந்துடுவேன்."

மறுநாள், திங்கட்கிழமை சாயங்காலம் சிங்கவரம் போகிற வழியில், திருப்பத்தில், மணலில் உன் வண்டி வழுக்கியது. ஹெல்மெட் வண்டிக் கண்ணாடியில் மாட்டியபடியே இருந்தது என்று சொன்னார்கள். அதற்குமேல் அன்றைக்கு நடந்ததை என்னால் எழுத முடியாது. எழுதினாலும் உனக்குத் தெரிந்ததுதான்.

வீடு முழுக்க ஆட்கள். தோட்டத்தில் பந்தல் போட்டார்கள். பந்தல்காரர் கயிறு கட்ட இடம் தேடி, குருவிப் பெட்டி மாட்டியிருந்த ஆணியைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். எனக்கு எங்கிருந்து குரல் வந்ததோ. "அண்ணே, அதுல வேணாம்," என்று கத்திவிட்டேன். அழுதுகொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணன் செத்துக் கிடக்கும்போது இவளுக்குப் பெட்டி முக்கியமாக இருக்கிறது என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும். அத்தனை சத்தத்திலும், செபமாலைக்கும் ஒப்பாரிக்கும் நடுவில், பொண்ணு பந்தலுக்கு அடியில் தாழ்வாகப் பறந்து ஓட்டைக்குள் போனது. நான் உன்னைப் பார்க்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். உன்னைப் பார்த்தால் நிஜமாகிவிடும் என்று இருந்தது. அதற்காக என்னை மன்னித்துவிடு.

ஏழாம் நாள் முடிந்து சொந்தக்காரர்கள் போய்விட்டார்கள். அம்மா படுத்தே கிடந்தாள். ஃபால்ஸ் அடிக்க வாங்கி வைத்த கல்யாணப் புடவை ஒன்று இருந்தது, கிளிப்பச்சை. பாவம், அந்தக் கல்யாண வீட்டார் கேட்கவில்லை. நானாகத்தான் எடுத்து அடித்தேன். மெஷின் சத்தம் கேட்டு அம்மா என்ன சொல்வாளோ என்று பயந்தேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கீழே விழுந்த பச்சை நூலை மாப்பிள்ளை எடுத்துப் போனது. எனக்கு அன்றைக்குத்தான் அழுகை நன்றாக வந்தது.

நீ போன பதின்மூன்றாம் நாள் காலை. கோணியில் தண்ணீர் தெளிக்கக் கல்மேல் ஏறினேன். உள்ளே ஒரு சத்தம். சத்தம் என்று சொல்ல முடியாது. நெல்லை விரலால் தேய்த்தால் வருமே, அதுமாதிரி. மரத்தில் காதை வைத்தேன். மறுபடியும் வந்தது.

நான் யோசிக்கவே இல்லை. போனை எடுத்து உன் நம்பருக்கு அடித்தேன்.

பீரோவுக்குள் மணி அடித்தது. உன் போனை அம்மா தினமும் சார்ஜ் போட்டு வைத்திருந்தது எனக்குத் தெரியாது. மணி அடித்துக்கொண்டே இருந்தது. அம்மா எழுந்து பீரோவைத் திறக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் போனிலேயே அவள் குரல்.

"குட்டிப் பிசாசுன்னு வருது. யாரு?"

"நான்தாம்மா. தோட்டத்துல இருந்து பேசறேன்."

"இன்னாடி வேணும் உனக்கு? ஏன்டி இப்படிப் பண்ற?"

"குஞ்சு பொரிச்சிடுச்சும்மா. பொரிச்சா போன் பண்ணச் சொன்னான்."

அம்மா போனை வைக்கவில்லை. அவள் மூச்சு விடுவது போனிலும் கேட்டது, வீட்டுக்குள்ளிருந்தும் கேட்டது. அப்புறம், "சரி, சொல்லிடறேன்," என்றாள்.

முப்பதாம் நாளுக்கு வீட்டில் செபம் வைப்பது வழக்கம். உன் போட்டோ பக்கத்தில் இயேசு பாலனை வைக்க வேண்டும் என்று குஞ்சு பொரித்த அன்றைக்கே அம்மா முடிவு செய்தாள். நீ பிறந்தபோது வந்தவர் உன் பக்கத்தில் இருக்கட்டும் என்றாள். எழுந்து குளித்து, பீரோவைத் திறந்து, கல்யாணப் புடவையைப் பிரித்தாள். பாலன் இல்லை. எல்லாப் புடவையையும் பிரித்தாள். சுரூபப் பெட்டியில் பேப்பர் பொட்டலம் ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். மாதா இருந்தாள், சூசையப்பர் இருந்தார், கால் உடைந்த ஆடுகூட இருந்தது.

"நீ பாத்தியாடி?"

"இல்லம்மா."

அந்த நிமிஷம் அது உண்மைதான். அதற்கப்புறம் மெஷினில் வந்து உட்கார்ந்தபோதுதான் நினைவு வந்தது. போன வருஷம் எலி குடிலுக்குள் புகுந்து பாலனைத் தள்ளிவிட்டது. அதனால் இந்த வருஷம் நீ மரத்துக்குப் போடுகிற பசையால் பாலனின் முதுகைப் பலகையோடு ஒட்டினாய். முகம் மட்டும் தெரிய மேலே வைக்கோலை மூடினாய். "இனிமே எந்த எலியும் அசைக்க முடியாது," என்று என்னிடம்தான் சொன்னாய். தலையைத் தூக்கிச் சுவரைப் பார்த்தேன். மாப்பிள்ளை வாயில் பச்சைப் புழுவோடு ஓட்டைக்குள் போய்க்கொண்டிருந்தது.

நான் அம்மாவிடம் சொல்லவில்லை.

இதை எழுதத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வந்தேன். சொன்னால் அம்மா அன்றைக்கே பலகையைப் பெயர்த்திருப்பாள். அந்தக் குஞ்சுகள் செத்திருக்கும். நீ கடைசியாகக் காத்திருந்தது அதுக்குத்தான். கடையில் எவ்வளவு கூட்டம் இருந்தாலும் வருவேன் என்றாயே. இன்னும் பதினைந்து நாள் பல்லைக் கடித்துக்கொண்டால் பறந்துவிடும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

ஆனால் அந்த நாட்கள் சீக்கிரம் போகவில்லை. அம்மா அரிசி டின்னைக் கவிழ்த்துத் தேடினாள். கோவில் குடிலோடு கலந்துவிட்டதோ என்று போய் உபதேசியாரைக் கேட்டாள். நைனா போட்டோவுக்குப் பின்னால்கூடக் கைவிட்டுப் பார்த்தாள். அங்கே காய்ந்த வைக்கோல்தான் வந்தது. மதில் மேலிருந்து பக்கத்து வீட்டு அக்கா, "கெடைக்கும்மா, வூட்டுக்குள்ளதான் எங்கியாவது இருக்கும். வேற ஒண்ணு வாங்கிக்கலாமே," என்றாள்.

"வேற ஒண்ணு வாங்கறதுக்கு அது இன்னா கொடமா?" என்று அம்மா சுள்ளென்று கேட்டாள். அப்புறம் கல்லில் உட்கார்ந்து, குருவிப் பெட்டிக்கு நேர் கீழே உட்கார்ந்து, தனக்குத்தானே சொன்னாள்: "எம் புள்ளைய எடுத்தவரு அவரு புள்ளையயும் எடுத்துக்கினு பூட்டாரு. நான் ஒண்ணையும் சரியா பாத்துக்கலன்னு."

பாலன் அவள் தலைக்குமேல் இரண்டு முழம் உயரத்தில் இருந்தார். நான் புடவை ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தேன். ஊசி விரலில் ஏறியதுகூடத் தெரியவில்லை.

மத்தியானங்களில் எனக்குத் தூக்கமும் இல்லாத, விழிப்பும் இல்லாத ஒரு மயக்கம் வரும். மலைமேல் வெயில் அலை அலையாக ஆடும். பெட்டிக்குள் சத்தம் நாளுக்கு நாள் பெரிதாகிக்கொண்டு வந்தது. தேய்க்கிற சத்தம் போய், சலங்கை மாதிரி ஆகி, அப்புறம் கூச்சலாகவே ஆனது. உள்ளே அந்தச் சின்ன பாலன் மல்லாந்து படுத்திருக்கிறார், அவர் நெஞ்சின்மேல் டீச்சர் புடவை நூல், அதன்மேல் கிளிப்பச்சை, அதன்மேல் சூடாகக் குஞ்சுகள். அவருக்குப் பாரமாக இருக்குமா, இதமாக இருக்குமா என்று யோசிப்பேன். நீயும் அதற்குள்ளேயே எங்கேயோ சுருண்டு படுத்திருக்கிறமாதிரி இருக்கும். பசையும் ஆப்பிள் பலகை வாசமும் வரும். கண்ணைத் திறந்தால் கோணி காய்ந்திருக்கும். ஓடிப்போய்த் தண்ணீர் தெளிப்பேன்.

இருபத்தெட்டாம் நாள் அம்மா சாப்பிடவில்லை. முந்தின நாளும் சாப்பிடவில்லை. கேட்டதற்கு, பாலன் கிடைக்கிறவரை ஒருசந்தி நோன்பு இருக்கப் போவதாகச் சொன்னாள். தவக்காலம் வேறு. அவள் முகம் ஒட்டிப்போயிருந்தது. இன்னும் எத்தனை நாள் ஆகுமோ என்று எனக்குத் தெரியாது.

"அம்மா, பாலன் எங்க இருக்குதுன்னு எனக்குத் தெரியும்."

சுவரைக் காட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன். பதினைந்து நாளாகத் தெரியும் என்பதையும் சொன்னேன். அம்மா என்னை அறையவில்லை. அடித்திருந்தால் தேவலை. முக்காலியை எடுத்துப்போய்ச் சுவரோரம் போட்டாள். சுத்தியலைக் கையில் எடுத்தாள். அது உன்னுடைய சுத்தியல். பிடியில் நீ சைக்கிள் டியூப் சுற்றியிருப்பாய்.

"அம்மா, வேணாம்மா. உள்ள குஞ்சுங்கோ இருக்குது."

"வழி வுடு."

ஏறினாள். பொண்ணு முருங்கையிலிருந்து கத்த ஆரம்பித்தது. மாப்பிள்ளை அம்மா தலைக்குப் பக்கமாகப் பறந்து பறந்து வந்தது. அம்மா சுத்தியலின் பின்பக்கத்தைப் பலகைக்கும் ஆணிக்கும் நடுவில் கொடுத்தாள். பெட்டி ஆடியது. உள்ளே கூச்சல் சட்டென்று நின்றது.

அந்த அமைதியில் அம்மாவும் நின்றுவிட்டாள். தலையைச் சாய்த்து மரத்தில் காதை வைத்தாள். வெயில் அவள் கழுத்தில் இருந்தது. அப்புறம் உள்ளே ஒன்று தைரியமாகக் குரல் கொடுத்தது, மற்றதெல்லாம் சேர்ந்துகொண்டது.

"எத்தினிடி இருக்குது?"

"மூணு இருக்கும். நாலுன்னு அவன் சொன்னான்."

அம்மா சுத்தியலை என்னிடம் நீட்டினாள். இறங்கவில்லை. பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்தாள், காய்ச்சல் பார்க்கிறமாதிரி. "சுடுது. கோணிய நனைச்சியா, இல்லியா?" என்றாள்.

இறங்கி வந்து ஒரு சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்தாள். அப்புறம் பழைய சோறு சாப்பிட்டாள். சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்: "செபத்த தோட்டத்துல வெச்சிக்கலாம். அவரு அங்க இருந்தா நாம அங்க போறது."

முப்பதாம் நாள் சாயங்காலம் முருங்கைக்குக் கீழே பாயும் சேரும் போட்டோம். குருவிப் பெட்டிக்கு நேர் கீழே, முக்காலிமேல் உன் போட்டோ. இரண்டு மெழுகுத்திரி. ஏன் தோட்டத்தில் என்று எல்லாரும் கேட்டார்கள். உள்ளே புழுக்கம் என்றாள் அம்மா. உபதேசியார் புத்தகத்தைத் திறந்து ஆரம்பித்தார். அவர் ஒரு வரி சொன்னால் பெட்டிக்குள்ளிருந்து பத்து வரி வந்தது. அவர் குரலை உயர்த்தினார். அதுகளும் உயர்த்தின. கடைசியில் புத்தகத்தைத் தாழ்த்தி, "இதுங்களும் செபமால சொல்லுது போல இருக்குதும்மா," என்றார். ஒரு மாதத்துக்கு அப்புறம் அன்றைக்குத்தான் நம் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

மன்றாட்டு நேரத்தில் ஓட்டையில் ஒரு தலை எட்டிப் பார்த்தது. மஞ்சள் வாய், தலையில் புசுபுசுவென்று நாலு முடி. அதைத் தள்ளிக்கொண்டு இன்னொன்று. நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். மறுநாளும் எண்ணினேன். அதற்கு மறுநாள் காலை ஒவ்வொன்றாக வந்து, துவைக்கிற கல்லில் விழுந்து எழுந்து, முருங்கைக்குத் தாவி, மதிலுக்குத் தாவிப் போயின. ஒன்று. இரண்டு. மூன்று. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். ஜெயித்ததில் ஒரு சந்தோஷமும் இல்லை. அப்புறம் நாலாவது வந்தது. எல்லாவற்றையும்விடச் சின்னது. ஓட்டையிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் பறந்தது.

நாலுடா. நான் தோற்றுவிட்டேன். உன் சட்டைகளை எடுத்து இஸ்திரி போட ஆரம்பித்தேன். மொத்தம் ஒன்பது சட்டை. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. ஒரு மாதம் சொன்னபடி போட்டேன். அந்த நீலக் கட்டம் போட்டதில் காலரில் உன் எண்ணெய்க் கறை இன்னும் இருக்கிறது. அதை மட்டும் துவைக்காமல் போட்டேன்.

குஞ்சுகள் போனதும் அம்மாவிடம், "இப்ப தொறக்கட்டுமா?" என்று கேட்டேன். அம்மா பெட்டியை அண்ணாந்து பார்த்தாள். மாப்பிள்ளை மறுபடி வைக்கோலோடு வந்து நின்றது. "ஒட்டனவன் தொறக்கட்டும்," என்றாள். பாலன் உள்ளே இருக்கிறாரா என்று நான் கண்ணால் பார்த்ததில்லை. எனக்குச் சில சமயம் சந்தேகம் வரும். அம்மாவுக்கு இல்லை. காலையில் எழுந்ததும் கல் பக்கம் போய்ச் சிலுவை போட்டுக்கொள்கிறாள். கோணியை இப்போது அவளே நனைக்கிறாள். நான் மறந்தால், "ஏசி போட்டியாடி?" என்று கேட்கிறாள். உன் குரல் மாதிரியே இருக்கிறது.

படிக்கிற உங்களிடம் ஒன்று கேட்கிறேன். நீங்கள் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களாக இருந்தாலும் சரி. என் அண்ணனுக்கு இருபத்தோரு வயது. அவன் பெயரை நான் சொல்லவில்லை. குருவிக்குக் குடிலைக் கொடுத்த பையன் என்று சொன்னால் போதும், மேலே இருக்கிறவருக்குத் தெரியும். எங்கேயாவது ஒரு சிட்டுக்குருவி கத்தினால் ஒரு நிமிஷம் நின்று, அவன் ஆத்துமா இளைப்பாறட்டும் என்று நீங்கள் எல்லாரும் அவனுக்காக வேண்டிக்கொள்ளுங்கள்.